முப்பத்தெட்டாவது வாரம்

நஜீஹாவின் வயிற்றில் அந்தப் பிள்ளை பதினேழு மாதம் இருந்தது. நார்வே நாட்டின் ஒரு சின்ன ஊர்க் கால்பந்து அணி ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் தோற்காமலே போய்க்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம். சவூதியில், தம்மாம் நகரத்தின் சீக்கோ பக்கம் அவர்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் இதைப் பற்றி இரண்டாவது கருத்து இருந்ததில்லை. கீழே பகாலா என்கிற மளிகைக்கடை வைத்திருந்த மலையாளி, தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்திலேயே அந்த அணியின் ஆட்டத் தேதிகளையும் ஒட்டிவைத்திருந்தார். பால் வாங்க வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நஜீஹாவின் கணவன் சாதிக் பாட்ஷா உறைமீன் கிட்டங்கியில் சூப்பர்வைசர். இரண்டு பேருக்கும் ஊர் காயல்பட்டினம். அங்கே பந்து உதைக்காத ஆண்பிள்ளை குறைவு. சாதிக்கும் முட்டி விலகும்வரை தெரு அணிக்கு இடப்பக்கத் தடுப்பில் ஆடியவன்தான். தம்மாமுக்கு வந்த புதிதில், நார்வேயிலிருந்து இறங்கும் கானாங்கெளுத்திப் பெட்டிகளின் ஓரத்தில் ஒரு நண்டும் பந்தும் போட்ட முத்திரையைப் பார்த்தான். மீன் கம்பெனி தன் ஊர் அணிக்குச் சட்டை வாங்கிக்கொடுத்த பெருமையில் அச்சடித்துவிட்ட முத்திரை. அணியின் பெயர் ஹவ்ன்சுண்ட். ஃப்ரீசர் வண்டி ஓட்டும் அதிராம்பட்டினத்து மக்தூம் அதை ‘அவன் சுந்தர்’ என்று வாசித்தான். அன்றிலிருந்து கிட்டங்கியில் அது சுந்தர் டீம். சாதிக் ஒரு மதிய இடைவேளையில் அந்தப் பெயரைப் போனில் தேடி, ஆட்டக்காரர்களே மண்வெட்டியால் பனியை அள்ளிப் போட்டுவிட்டு ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்த்தான். அஞ்சு கோல் வாங்கித் தோற்றார்கள். கூடியிருந்த எண்ணூறு பேரில் ஒருத்தர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை. அதைப் பார்த்ததும் அவன் அந்த அணியின் ஆள் ஆகிவிட்டான். அதற்குப் பிறகு பத்து வருஷம் சுந்தர் டீம் எதையும் ஜெயிக்கவில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வரவில்லை.

நஜீஹா உண்டான வருஷம் சுந்தர் டீம் எப்படியோ தன் நாட்டில் மூன்றாவதாக வந்து, ஐரோப்பாவின் மூன்றாம் தரக் கோப்பையில் நுழைந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடந்த தகுதி ஆட்டங்களைத் தாண்டியது. அக்டோபரில் பெரிய அணிகளோடு முதல் ஆட்டம் வந்தபோது நஜீஹாவுக்கு அஞ்சு மாதம் முடிந்திருந்தது. இரவு இஷா தொழுதுவிட்டு வந்து மக்தூமும் இன்னும் நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நஜீஹா உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முதல்முறையாக உதைத்தது. அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கையில், ஹாலில் கோல் என்று கூச்சல் கேட்டது. இன்டர்நெட்டில் வரும் ஆட்டம் நாற்பது விநாடி தாமதமாக வரும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. சாதிக் சொல்லித்தான் தெரிந்தது. பிள்ளைக்குத் தாமதம் இல்லை. அங்கே பந்து வலையில் விழும்போதே இங்கே உதைத்தது.

நவம்பரில் அவள் சுவரைத் தட்ட ஆரம்பித்தாள். சுந்தர் டீம் கோல் போட்டால் பிள்ளை உதைக்கும், அவள் ஒரு தட்டு தட்டுவாள். எதிரணி போட்டால் பிள்ளைக்கு விக்கல் வரும், அதற்கு மெதுவாக இரண்டு தட்டு. டிசம்பருக்குள் ஹாலில் இருந்த ஆண்கள் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். தட்டு விழுந்ததும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து அந்த கோல் எப்படி விழுந்தது என்று திரையில் நிதானமாகப் பார்ப்பார்கள். ஆறு ஆட்டத்தில் ஆறும் ஜெயித்து சுந்தர் டீம் அடுத்த சுற்றுக்குப் போனது. அடுத்த சுற்று மார்ச்சில்தான்.

பிரசவத்துக்கு நஜீஹா ஊருக்குப் போவதாக இருந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறக் கூடாது என்று எகிப்துக்கார லேடி டாக்டர் சொன்னதால், அவளுடைய உம்மா ஜுலைஹா பீவி மூன்று மாத விசிட் விசாவில் ஜனவரி முதல் வாரம் வந்து இறங்கினாள். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு, பழைய வேட்டி கிழித்த துணி எல்லாம் ஒரு பெட்டி நிறைய. மாதக் கடைசியில் முப்பத்தெட்டு வாரம் முடிந்தது. நஞ்சும் ஏறிவிட்டது, எல்லாம் சரி, எந்த நேரமும் ஆகலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரம் ஸ்கேன் பார்த்தபோது முப்பத்தெட்டு வாரம் என்று காட்டியது. அதற்கு அடுத்த வாரமும் முப்பத்தெட்டு. மிஷினை மாற்றிப் பார்த்தார்கள், வேறு டாக்டர் வந்து பார்த்தார். பிள்ளையின் எடை ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. நீர் தெளிவாக இருந்தது, இதயம் கடிகாரம் மாதிரி அடித்தது. முப்பத்தெட்டு வாரப் பிள்ளையைக் காரணமில்லாமல் கத்தி வைத்து எடுக்க விதி இல்லை என்பதால் டாக்டர் ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினார்.

மார்ச்சில் ஒரு கிரேக்க அணியோடு இரண்டு ஆட்டம். அந்த இரண்டு ராத்திரியும் பிள்ளை உதைத்த உதையில் நஜீஹாவின் வளையல் ஒன்று தெறித்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடம் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எந்த அணி என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், கோப்பை எப்போது முடிகிறது என்று கேட்டார். மே கடைசி என்றான் சாதிக். தன் பெரியம்மா மகனும் இப்படித்தான், ஒரு தேர்தல் முடிவு வரும்வரை காத்திருந்து பிறந்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த அப்பாயின்ட்மென்டைக் கால் இறுதி முடிந்த மறுநாளுக்குப் போட்டுக்கொடுத்தார்.

ஜுலைஹா பீவிக்கு அதுவரை இருக்க வழியில்லை. விசா முடிந்தது, நீட்டிக்கக் கேட்டதற்கு மாஃபி, கிடையாது என்று பதில் வந்துவிட்டது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது மகளின் வயிற்றில் கன்னத்தை வைத்து, “நான் போறேன் வாப்பா. ஒன் நேரத்துக்கு நீ வா. உம்மாவைப் படுத்தாதே” என்று சொல்லிவிட்டு, மருந்துச் சரக்கை மாடி வீட்டு யாழ்ப்பாணத்துக்காரி கஜந்தினியிடம் ஒப்படைத்து, எதை எதோடு அரைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். காரில் ஏறிய பிறகும் ஜன்னலை இறக்கி மூன்றாவது முறை சொன்னாள்.

அன்றைக்கு நஜீஹா சாதிக்கிடம் பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், ஊரில் எல்லா ஆண்களும் ஏதாவது ஒரு அணிக்கு ஆள்தான், யாரும் தன் பிள்ளையை அதற்குக் கொடுத்ததில்லை என்றாள். சாதிக் எழுந்தான். சுவரில் ஒட்டியிருந்த சுந்தர் டீமின் படத்தை எடுத்துச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டான். சட்டையைக் கிட்டங்கி லாக்கரில் கொண்டுபோய் வைத்தான். பிள்ளை எதையும் பொருட்படுத்தவில்லை. ஏப்ரலில் கால் இறுதியில் மூன்று உதை, இரண்டு விக்கல்.

ஆனால் பிள்ளை யாருக்காக உதைக்கிறதோ அவர்களைத் தெரியாமல் எவ்வளவு காலம்தான் ஒரு தாய் இருக்க முடியும். கஜந்தினியின் தம்பி லக்சன் அதே ஹவ்ன்சுண்ட் ஊரில் மீன் ஆலையில் வேலை பார்த்தான். யாழ்ப்பாணத்திலிருந்து போய்ப் பன்னிரண்டு வருஷம். கஜந்தினி ஆபீஸ் முடிந்து வந்ததும் நஜீஹாவின் கால்பக்கம் உட்கார்ந்து தம்பிக்கு வீடியோ கால் போடுவாள். அப்படித்தான் நஜீஹா அந்த ஊரைப் பார்த்தாள். மஞ்சள் வீடுகளும், மே மாதத்திலும் உருகாத பனியும், கோல்போஸ்டுக்குப் பின்னால் கடலும். கோலி ஐரோப்பாவெல்லாம் ஆடிவிட்டு வந்தும் காலையில் ஆலைக்கு வந்து ஐஸ் உடைக்கிற ஆள் என்றும், அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்றும் தெரிந்துகொண்டாள். அரை இறுதிக்கு முந்தின நாள் அவளே சாதிக்கிடம், இடப்பக்கம் ஆடுகிற அந்தச் சுருட்டைமுடிப் பையனுக்குத் தொடையில் பிடிப்பாமே, நாளைக்கு இறங்குவானா என்று கேட்டாள். சாதிக் கட்டிலுக்கடியிலிருந்து படத்தை எடுத்துத் தூசி தட்டி, அந்தப் பையன் யாரென்று விரலால் காட்டினான்.

அரை இறுதியையும் தாண்டினார்கள். அதற்குள் லக்சன் வாய் வழியாக அந்த ஊருக்கும் விஷயம் போய்விட்டது. அவர்கள் வியந்ததாகத் தெரியவில்லை. குளிர் நாட்டில் பிள்ளைகள் தாமதமாகப் பிறப்பது உண்டு என்று ஆலையில் ஒரு கிழவர் சொன்னாராம். ஆனால் கோலிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கஜந்தினி போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். மறுமுனையில் லக்சன் இருந்தான், அவனுக்குப் பின்னால் கையுறை போட்ட நெட்டையான ஆள் ஒருவன் தலையைக் குனிந்து நின்றான்.

“நஜீஹா, அந்தக் கோலி கேக்கச் சொன்னவராம். மூண்டு பிள்ளையளின்ர தகப்பன் எண்டபடியால் அவருக்கு உங்கட நிலைமை விளங்குதாம். நீங்கள் சொன்னா ஒரு பந்தை விட்டுவிடுறாராம். ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

சாதிக் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தான். சரி என்று சொல், சொல்லிவிடு என்று அவனுடைய வாய்க்குள் வார்த்தை வந்து நின்றது. நஜீஹாவுக்கு அப்போது பதின்மூன்று மாதம். கால் வீங்கியிருந்தது. அவள் போனை வாங்கி அந்த நெட்டை மனுஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேண்டாம்னு சொல்லுங்க அக்கா. பத்து மாசமா ஓடி வந்திருக்கிய, எனக்காகத் தோக்க வேண்டாம். ஒருத்தர் உட்ட பந்துல எம் புள்ள பொறக்க வேண்டாம். இது எவ்வளவு நாளானாலும் நான் சுமப்பேன்.”

லக்சன் அதை அவர்கள் மொழியில் சொன்னான். கோலி கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையைத் திரைக்கு நேராகக் காட்டினான். அவ்வளவுதான்.

இறுதி ஆட்டம் நடந்த இரவு கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பகாலாக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். எதிரணி இத்தாலியின் ஒரு பெரிய ஊர். சாதிக் பாட்ஷா மட்டும் ஹாலில் இல்லை. மொட்டை மாடியில், ஏசி மெஷின்களுக்கு நடுவே துண்டை விரித்து, பதினோரு வருஷமாக நேசித்த அணி தோற்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கும்போதே அது அவனுக்குப் பிடிக்கவில்லை. பனியை அள்ளிப் போட்டவர்களின் முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டான். கீழே உள் அறையில் தன் மனைவி அதே நேரத்தில் அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். எந்த துஆவை அல்லாஹ் எடுத்துக்கொள்வான் என்பதிலும் அவனுக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இறங்கி வந்து மூன்றாம் மாடிப் படியில் கால் வைத்தபோது சுவரில் தட்டு விழுந்தது. விரல் முட்டியால் தட்டிய தட்டு இல்லை, உள்ளங்கை முழுவதையும் வைத்து ஒரே அடி. கட்டடம் எழுந்து நின்றது. சாதிக் அந்தப் படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மக்தூம் ஓடிவந்து அதைச் சந்தோஷம் என்று நினைத்துத் தூக்கி நிறுத்தி முத்தம் கொடுத்தான். அது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஒன்றுக்கு சைபர். கோப்பையைத் தூக்கினார்கள். நஜீஹா விடிய விடியக் காத்திருந்தாள், வலி வரவில்லை. காலையில் கணவனிடம், ராத்திரி மேலே போய் என்ன கேட்டீர்கள் என்று கேட்டாள். அவன் உள்ளதைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை. அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

கோப்பை ஜெயித்தவர்களுக்கு அடுத்த சீசனில் அதைவிடப் பெரிய கோப்பையில் இடம் உண்டு. அது செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். ஆக, பிள்ளை இன்னும் தோல்வியைப் பார்க்கவில்லை. டாக்டர் ஃபைலைப் பார்த்துவிட்டு, கோடையில் வெயிலில் அலைய வேண்டாம், நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்று எழுதினார். ஜூன் மாதம் இறங்கிய கன்டெய்னரில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் கறுப்பு மையில் கையால் ‘நண்றி’ என்று எழுதியிருந்தது. லக்சன் சொல்லிக்கொடுத்து ஆலைக்காரர்கள் எழுதியது. ஆயிரத்து இருநூறு பெட்டி. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது, நடுவில் ஒரு சுழியும் கூடியிருந்தது. சாதிக் ஒரு பெட்டியைப் பிரித்து அட்டையைத் தட்டையாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அந்தக் கோடைதான் தங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று இருவரும் பின்னால் சொல்வதுண்டு. ஆட்டம் இல்லை. பிள்ளை உதைக்காமல், தூங்கி விழித்து, திரும்பிப் படுத்துக்கொண்டு இருந்தது. சாதிக் ட்யூட்டி முடிந்து வந்து நஜீஹாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். அவள் அன்றைக்கு என்ன ஆக்கினாள், யார் வந்தார்கள், உம்மா போனில் என்ன சொன்னாள் என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லுவாள். கணவனிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசிப் பழகிப் பழகி அந்த வீட்டில் மூன்று பேர் இருப்பதாகவே ஆகிவிட்டது. பாய் விற்க வந்த பெங்காலிகூட, குழந்தை தூங்குகிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். ஆகஸ்டில் சுந்தர் டீமின் ஆட்கள் ஒவ்வொருவராக விலைபோனார்கள். கோல் அடிக்கிறவன் இங்கிலாந்துக்கு, சுருட்டைமுடிப் பையன் ஜெர்மனிக்கு. கோலி மட்டும் எங்கேயும் போகவில்லை. சாதிக் செய்தியைப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டான், சந்தோஷப்பட்டதற்காகச் சங்கடப்பட்டான், வீட்டில் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் முதல் ஆட்டம் ஒரு போர்ச்சுகல் அணியோடு. அன்றைக்குத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரின் குளிர் நின்றுபோய், சாதிக்கும் மக்தூமும் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி தாண்டியிருந்தது. கஜந்தினி கூப்பிட்டாள்.

“தம்பி, நஜீஹாவுக்கு வயித்து நோ துவங்கிட்டுது. நான் டாக்ஸியில கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் நேர ஆசுப்பத்திரிக்கு வாங்கோ. பயப்பிடாதேங்கோ.”

சாதிக் கையுறையோடு வண்டியில் ஏறினான். மக்தூம் போனில் ஸ்கோரைப் பார்த்தான். எண்பத்தைந்தாவது நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று.

“இன்னும் தோக்கலியே காக்கா.”

“தோத்துருவாங்க. நீ வண்டியை எடு.”

இரண்டாவது சிக்னலில் நிற்கும்போது ஸ்கோர் மாறியது. மக்தூம் போனைக் கவிழ்த்து வைத்தான். சாதிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். 

அவன் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினேழு மாதம் காத்திருந்த பிள்ளை இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. நஜீஹா வேர்த்து, வெளுத்து, தலையணையில் சாய்ந்திருந்தாள். ஆணா பெண்ணா என்று கேட்க அவன் வாயெடுக்கும் முன்னால் அவள் கேட்டாள்.

“எத்தனைக்கு எத்தனை?”

“ரெண்டுக்கு ஒண்ணு.”

“கோலி என்ன செஞ்சாரு?”

“பாஞ்சாராம். கையில பட்டுத்தான் உள்ளே போச்சாம்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அழுதாள். அந்த நெட்டை மனுஷனுக்காகத்தான் அழுதாள். சாதிக் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டான். பிறகு நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். பெண். டாக்டர் எட்டிப்பார்த்து, நல்ல எடை, மபுரூக் என்று வாழ்த்தினார். பிள்ளை அழவில்லை. வேலையை முடித்துவிட்டு வந்தவள் போல இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது. ஆமிரா என்று பெயர் வைத்தார்கள். மருந்துச் சரக்கைக் கஜந்தினி அரைத்தாள், ஜுலைஹா பீவி போனில் அளவு சொன்னாள்.

ஆமிராவுக்கு இப்போது நாலு வயது. பந்தில் அவளுக்குப் பிரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை. சுந்தர் டீம் அப்புறம் பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை, சாதிக் பார்க்காமலும் இல்லை. பிள்ளையிடம் குறை என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. எதிலிருந்தும் பாதியில் எழுந்து வர மாட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலோரக் கார்னிஷ் பக்கம் கூட்டிப்போனால், யாரோ ஒரு குடும்பம் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சம் போய்விட்டது, நாளைக்கு வாப்பாவுக்கு ட்யூட்டி இருக்கிறது, வா என்பாள் நஜீஹா. அது இன்னும் இறங்கலை உம்மா என்று சொல்லி, வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பாள் ஆமிரா. அப்போது நஜீஹா எடுத்துவைத்த ஃபிளாஸ்க்கைத் திறந்து மிச்சத் தேநீரை இரண்டாக ஊற்றுவாள். சாதிக் பாட்ஷா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்துகொள்வான்.